ஞாயிற்றுக்கிழமை லாரிகள்

அக்டோபர் 7, திங்கள்

மார்பர்க், ஜெர்மனியில் மலைமேல் ஏறி உட்கார்ந்திருக்கிற ஊர். கீழே லான் என்றொரு ஆறு. காலையில் ஆற்றிலிருந்து பனிமூட்டம் எழுந்து வந்து என் ஜன்னலில் முகம் வைத்துப் பார்த்துவிட்டுப் போகிறது. ஆற்றை ஒட்டி நெடுஞ்சாலை. பனியில் சாலை தெரியாது, லாரிகளின் சத்தம் மட்டும் மேலே வரும். நாமக்கல்லில் பிறந்தவளுக்கு அது போதும். வந்த முதல் நாளே வீட்டில் படுத்த மாதிரி தூங்கிவிட்டேன்.

சேலத்துக் கல்லூரியில் புவியியல் படிக்கிறேன். பரிமாற்றத் திட்டத்தில் ஒரு வருடம் இங்கே. முதல் மூன்று மாதம் ஜெர்மன் மொழி மட்டும். அடிப்படை அங்கேயே படித்து வந்திருந்தாலும், இங்கே ரொட்டிக்கடையில் நிற்கிற அம்மா பேசுவது ஒன்றும் அதில் இல்லை.

இன்று வகுப்பு தொடங்கியது. ஆசிரியை பெயர் வீகாண்ட், ஃபிராவ் வீகாண்ட் என்றுதான் கூப்பிட வேண்டும், நம் ஊர் திருமதி மாதிரி. குட்டை முடி, பெரிய கண்ணாடி, பேசும்போது சுண்ணக்கட்டியை விரல்களுக்குள் உருட்டிக்கொண்டே இருப்பார். அவருக்கு ஒரு வழக்கம். திங்கட்கிழமை பாடம் தொடங்கும் முன் ஒவ்வொருவரும் தன் வீட்டுச் செய்தி ஒன்று சொல்ல வேண்டும். மொராக்கோ ஹனான் தன் அக்கா குழந்தைக்குப் பல் முளைத்ததைச் சொன்னாள். ஜார்ஜியாக்காரன் லெவான், அவன் அம்மா திராட்சை பறித்து முடித்துவிட்டதாகச் சொன்னான். என் முறை வந்தது.

"என் அப்பா லாரி ஓட்டுகிறார்" என்றேன்.

"இப்போது எங்கே இருக்கிறார்?"

"நாக்பூர் தாண்டிவிட்டார். இந்தோருக்குப் போகிறார்."

"என்ன சரக்கு?"

ஜவ்வரிசிக்கு வார்த்தை தெரியவில்லை. பலகையில் குட்டிக் குட்டி வட்டங்களாகப் போட்டேன். முத்து என்றான் ஒருவன். மருந்து மாத்திரை என்றாள் ஹனான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அப்பா போய் மூன்று மாதம் ஆகப்போகிறது. ஆடி மாதம், நாக்பூர் தாண்டி ஒரு லாரி நிறுத்தத்தில் கேபினில் படுத்தவர் காலையில் எழுந்திருக்கவில்லை. நெஞ்சு என்றார்கள். ஜவ்வரிசி லோடை வேறொரு டிரைவர் போய் எடுத்துக்கொண்டு இந்தோரில் இறக்கினார்.

இதையெல்லாம் ஜெர்மனில் சொல்வதற்கு இன்னும் எனக்குப் பேச்சு வரவில்லை. அடுத்த வாரம் சொல்லிவிடலாம்.

அக்டோபர் 8

சோறு அடிப்பிடித்துவிட்டது. இந்த ஊர் அடுப்பு அணைத்த பிறகும் வெகுநேரம் சுடுகிறது.

அக்டோபர் 13, ஞாயிறு

காலையில் விழித்ததும் காது அடைத்துவிட்டது என்று நினைத்தேன். சத்தமே இல்லை. ஜன்னலைத் திறந்தேன். பனி விலகியிருந்தது, சாலை முழுதாகத் தெரிந்தது. கார்கள் போயின. லாரி ஒன்றுகூட இல்லை. நாமக்கல்லில் லாரிச் சத்தம் நின்றால் ஸ்டிரைக், இல்லாவிட்டால் யாரோ பெரிய தலை சாய்ந்துவிட்டது என்று அர்த்தம். மனசு திக்கென்றது. சட்டையைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு மறுபடி வந்து பார்த்தேன். இல்லை.

அக்டோபர் 14, திங்கள்

நான் வாயைத் திறக்கும் முன்பே ஹனான் கேட்டாள்: "லாரி போய்ச் சேர்ந்ததா?"

அவள் கேட்ட விதத்தில் நிஜமான கவலை இருந்தது. இன்று சொல்லிவிடலாம் என்றுதான் படியேறி வந்தேன். ஆனால் அந்த முகத்தைப் பார்த்து என்ன சொல்வது? "சேர்ந்துவிட்டது. சரக்கை இறக்கிவிட்டார்" என்றேன். எல்லாருக்கும் ஒரு நிம்மதி. ஃபிராவ் வீகாண்ட் சுவரில் இருந்த உலக வரைபடத்தில் இந்தோரைத் தேடிக் கண்டுபிடித்துச் சிவப்புத் தலை வைத்த குண்டூசி ஒன்றைக் குத்தினார்.

"அடுத்து எங்கே?"

"ஜெய்ப்பூர். சோயா ஏற்றியிருக்கிறார்."

என் வாயிலிருந்து எப்படி வந்தது என்றே தெரியவில்லை. அப்பா உட்கார்ந்து பேசுகிற மாதிரி சரளமாக வந்தது.

இடைவேளையில் லெவானிடம் நேற்றைய அமைதி பற்றிக் கேட்டேன். "ஞாயிறு அல்லவா? இந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமை லாரி ஓடக்கூடாது. சட்டம். ராத்திரி பத்து மணிக்குத்தான் கிளம்பலாம். பால், மீன், காய்கறி மாதிரி கெட்டுப்போகிற சரக்கு என்றால் மட்டும் விடுவார்கள்" என்றான். அவனுடைய தாய்மாமா திபிலிசியிலிருந்து இங்கே லாரி ஓட்டி வருகிறவராம். "மாமா ஞாயிறு முழுக்கச் சமைப்பார், துவைப்பார், தூங்குவார்."

அப்பாவுக்கு நான் அறிய ஒரு ஞாயிறுகூடக் கிடைத்ததில்லை. தீபாவளிக்கு வீட்டில் இருந்தாலும் பாதிச் சாப்பாட்டில் போன் வரும்.

அக்டோபர் 19, சனி

அம்மா கூப்பிட்டாள். கோழிப்பண்ணையில் முட்டை அடுக்குகிற வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். கோழிகள் பற்றி, மழை பற்றி, பக்கத்து வீட்டுக்காரி தண்ணீர்க் குழாய்க்குச் சண்டை போட்டது பற்றிப் பேசினாள். பிறகு குரல் இறங்கியது.

"ஏங்கண்ணு, உன்ற கனவுல அப்பா வந்தாரா?"

"இல்லீங்மா."

"எனக்கும் வரல. ஒருநா வந்து எட்டிப் பாத்துட்டுப் போனா என்ன கொறஞ்சா போயிருவாரு? இருபத்தேழு வருசம் சோறு ஆக்கிப் போட்டவ நானு. எப்பவும் வெளியூருதான். இப்பவும் அப்படியே."

நான் சொன்னது பொய் இல்லை. கனவில் வரவில்லை. திங்கட்கிழமை காலை வகுப்பில்தான் வருகிறார்.

அக்டோபர் 28, திங்கள்

இன்று தார்ப்பாய்க்கு, சுங்கச் சாவடிக்கு, பஞ்சருக்கு ஜெர்மன் வார்த்தைகள் கற்றேன். அப்பாவுக்காகக் கற்கிறேன். ஞாயிறு மாலை உட்கார்ந்து அகராதியைப் புரட்டி மறுநாளைக்கு அவர் எந்த வழியாகப் போகவேண்டும், எங்கே நின்று குளிக்கவேண்டும் என்று தயார் செய்துகொள்கிறேன். ராஜஸ்தான் எல்லையில் ஒட்டகம் குறுக்கே வந்து பிரேக் போட்டார். ஒட்டகக்காரன் திட்டினான். அப்பா தமிழில் திட்டினார். இருவரும் டீ குடித்துவிட்டுப் பிரிந்தார்கள். வகுப்பே சிரித்தது.

"உன் வாக்கியங்கள்தான் இந்த வகுப்பில் மிக நீளம்" என்றார் ஃபிராவ் வீகாண்ட். பாராட்டா, குறையா தெரியவில்லை.

அக்டோபர் 31

தீபாவளி. துக்க வருடம், எங்களுக்குக் கிடையாது. அம்மா வீட்டில் எண்ணெய்ச் சட்டியே வைக்கவில்லையாம். வகுப்பில் அப்பா எங்கே கொண்டாடுகிறார் என்று கேட்டார்கள். ஜெய்ப்பூரில், ஊர்க்கார டிரைவர்கள் நான்கு பேர் சேர்ந்து கேசரி கிண்டினார்கள் என்றேன். கேசரி என்றால் என்ன என்று விளக்கப் பத்து நிமிடம் ஆனது. திரும்பி வரும் வழியில் எனக்கே கேசரி சாப்பிட்ட மாதிரி இருந்தது.

நவம்பர் 4, திங்கள்

ஜெய்ப்பூரில் இரண்டாவது ஊசி. அடுத்து கிஷன்கரில் பளிங்குக் கல் ஏற்றி அமிர்தசரஸ்.

நவம்பர் 11, திங்கள்

பனி இறங்கினால் இந்த ஊரில் கூரைகள் மட்டும் மிதக்கின்றன. அதன் மேல் கோட்டை. பனிக்குள் நடக்கும்போது எதிரே வருகிறவர் யார் என்று பக்கத்தில் வரும்வரை தெரியாது. யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். இன்று பாலத்தின்மேல் தோளில் துண்டு போட்ட ஒருவர் வந்தார். நின்றுவிட்டேன். பக்கத்தில் வந்ததும் அது துண்டு இல்லை, மப்ளர். யாரோ பேராசிரியர். வணக்கம் சொன்னார், நானும் சொன்னேன்.

எனக்குப் பைத்தியம் ஒன்றும் இல்லை. அப்பாவைக் குழிக்குள் இறக்கியதைப் பார்த்தவள். ஆனால் அது தமிழில் நடந்தது. இந்த ஊரில், இந்த மொழியில், அப்படி ஒன்று நடந்ததாக ஒருவருக்கும் தெரியாது. இங்கே அவர் அமிர்தசரஸ் போகிற வழியில் டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் சொல்லிவிட்டால் லாரி நின்றுவிடும். அவ்வளவுதான் விஷயம். அதை நிறுத்த எனக்கு மனசு வரவில்லை.

நவம்பர் 15, வெள்ளி

லெவான் சொன்னான்: "ஞாயிறு மாமா வருகிறார். ஊருக்கு வெளியே லாரி நிறுத்தத்தில் இருப்பார். உன்னைப் பற்றிச் சொன்னேன். டிரைவர் மகள் என்றதும், கூட்டிவா, சாப்பிட்டுவிட்டுப் போகட்டும் என்கிறார்."

வேலை இருக்கிறது என்று சொல்ல நினைத்து, சரி என்று சொல்லிவிட்டேன்.

நவம்பர் 17, ஞாயிறு

பஸ்ஸில் போய் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தோம். திருப்பம் தாண்டியதும் தெரிந்தது. வரிசையாக லாரிகள். போலந்து, ருமேனியா, லிதுவேனியா, துருக்கி. எல்லாம் மூச்சடக்கி நின்றிருந்தன. லாரியின் பக்கக் கண்ணாடியில் ஒருவர் காலுறை காயப்போட்டிருந்தார். ஒருவர் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். டீசலும் தாளிப்பும் கலந்த வாசனை. எங்கள் தெருவுக்கு ஞாயிறு மாதிரி ஒன்று வந்தால் இப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது.

லெவானின் மாமா பெயர் சுராப். பெரிய வயிறு, பெரிய மீசை, கை மட்டும் சின்னது. லாரியின் பக்கவாட்டில் இருந்த பெட்டியைத் திறந்தார். மூடி கீழே மடங்கி மேசை ஆனது. உள்ளே காஸ் அடுப்பு, உப்பு டப்பா, மிளகு, பூண்டு, கயிற்றில் கோத்த கரண்டிகள். அப்பாவின் லாரியிலும் இப்படி ஒரு பெட்டி உண்டு. அதில் புளியும் கருவாடும் இருக்கும், திறந்தால் வீடே மணக்கும். அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றேன். சுராப் அதைப் பசி என்று நினைத்து முதலில் எனக்குப் பரிமாறினார். மொச்சை மாதிரி ஒரு பயறுக் குழம்பு, ரொட்டி.

அவருக்கு ஜெர்மன் என்னைவிடக் குறைவு. லெவான் நடுவில் மொழிபெயர்த்தான்.

"அப்பா எந்த வண்டி?"

"பத்து சக்கரம்."

"வீட்டுக்கு எத்தனை நாளைக்கு ஒரு தடவை?"

"மாதம் ஒரு தடவை. சில சமயம் இரண்டு மாதம்."

"நானும் அப்படித்தான்" என்று சொல்லிப் பெருமூச்சு விட்டார்.

அவர்கள் ஊர் வழக்கம், சாப்பாட்டில் ஒவ்வொன்றுக்காகவும் கோப்பையைத் தூக்கிப் பேசிவிட்டுத்தான் குடிக்க வேண்டும். ஒயின்தான் வழக்கம், ஆனால் பத்து மணிக்கு வண்டி எடுக்க வேண்டும் என்பதால் சுராப் மாதுளைச் சாறு ஊற்றினார். முதலில் சமாதானத்துக்காக. அப்புறம் சாலைக்காக. மூன்றாவது தடவை எழுந்து நின்றார். "அப்பாக்களுக்காக" என்றார்.

லெவான் என் காதருகே விளக்கினான்: "இருக்கிறவர்களுக்காக என்றால் சும்மா குடிக்கலாம். போனவர்களுக்காக என்றால் முதலில் ரொட்டியில் கொஞ்சம் ஊற்ற வேண்டும். அவர்களுடைய பங்கு."

சுராப் தன் ரொட்டியில் சில சொட்டுகள் விட்டார், குடித்தார். லெவானின் அப்பா இருக்கிறார், அவன் அப்படியே குடித்தான். பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

என் கோப்பை சாய்ந்துவிட்டது. லேசான பிளாஸ்டிக் கோப்பை, காற்று வேறு அடித்துக்கொண்டிருந்தது. ரொட்டியில் சிவப்பாக இறங்கியது.

லெவான் ரொட்டியைப் பார்த்தான், பிறகு அவசரமாக லாரியின் சக்கரத்தைப் பார்த்தான். சுராப் குறைந்த சாற்றை மறுபடி நிரப்பினார். கோப்பையை என் கையில் சரியாகப் பிடிக்க வைத்தார். குடித்தேன். நனைந்த ரொட்டியையும் தின்றேன். புளிப்பாக இருந்தது.

நாங்கள் கிளம்பும்போது அவரிடம் எலுமிச்சம்பழம் இருக்கிறதா என்று கேட்டு வாங்கி முன்சக்கரத்துக்கு அடியில் வைத்தேன். எங்கள் ஊரில் வண்டி கிளம்பும் முன் அப்படித்தான் வைப்போம், அதன்மேல் ஏற்றிக்கொண்டு போனால் வழியில் ஒன்றும் வராது என்றேன். சுராப் குனிந்து அதைக் கவனமாகப் பார்த்துவிட்டு நடுச்சக்கரத்துக்கும் ஒன்று வைத்தார்.

பஸ்ஸில் லெவான் ஜன்னலோர இருக்கையை எனக்கு விட்டுக்கொடுத்தான்.

கோப்பை சாய்ந்தது காற்றினால்தான்.

நவம்பர் 18, திங்கள்

அமிர்தசரஸ். மூன்றாவது ஊசி. லெவான் தலை குனிந்து மேசையைச் சுரண்டிக்கொண்டிருந்தான். இன்று என் வாக்கியங்கள் குட்டையாக இருந்தன.

நவம்பர் 25, திங்கள்

ஃபிராவ் வீகாண்ட் ஒரு யோசனை சொன்னார். முகமெல்லாம் மகிழ்ச்சி. டிசம்பர் பதினாறு, வகுப்பின் கடைசித் திங்கட்கிழமை. அன்று வகுப்பிலிருந்து என் அப்பாவுக்கு வீடியோ அழைப்பு போடலாம். ஆளுக்கொரு கேள்வி கேட்பார்கள், நான் மொழிபெயர்க்க வேண்டும். அதையே என் பேச்சுத் தேர்வாக வைத்துக்கொள்ளலாம்.

எல்லாரும் மேசையைத் தட்டினார்கள். இங்கே கைதட்டலுக்குப் பதில் அது. என் காதுக்குள் இடிப்பது மாதிரி இருந்தது.

"வண்டி ஓட்டும்போது டிரைவர்கள் போன் எடுக்க மாட்டார்கள்" என்று லெவான் சட்டென்று சொன்னான். "என் மாமா எடுக்கவே மாட்டார்."

"அப்படியானால் நிறுத்தியிருக்கும் நேரத்தில்" என்றார் ஃபிராவ் வீகாண்ட்.

வெளியே வந்ததும் லெவானிடம் நன்றி சொன்னேன். எதற்கு என்று அவன் கேட்கவில்லை. "எவ்வளவு நாள் ஆயிற்று?" என்றான்.

"ஜூலை."

அவன் தலையாட்டினான். ஜெர்மனில் அதை யாரிடமாவது நான் சொன்னது இதுதான் முதல் தடவை. ஒரே ஒரு மாதத்தின் பெயர்.

டிசம்பர் 2, திங்கள்

தலைவலி என்று வகுப்புக்குப் போகவில்லை. ஹனான் செய்தி அனுப்பியிருந்தாள்: நீ வராததால் இன்று லாரி எங்கே என்று தெரியவில்லை, எங்கள் எல்லாருக்கும் வருத்தம், என் அம்மாவும் கேட்கிறாள். அவள் அம்மாவுக்கு என்ன சம்பந்தம்? பருப்பு வைத்தேன். ஒரு டம்ளர் தண்ணீர் கூடிவிட்டது.

டிசம்பர் 3

அம்மாவுக்குப் போன் போட எடுத்து, வைத்துவிட்டேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

விடியற்காலையில் வந்தார்.

பனியில் முதலில் விளக்குகள்தான் தெரிந்தன. பிறகு முகப்பு, அதில் காய்ந்த எலுமிச்சை மிளகாய் மாலை. கீழேயிருந்து என் தெருவரை அந்தப் பெரிய வண்டி எப்படி ஏறியது என்று நான் யோசிக்கவே இல்லை. தார்ப்பாய் முழுக்கப் பனி. அப்பா கதவைத் திறந்து பின்பக்கமாகவே இறங்கினார், எப்போதும் போல. லுங்கி, பனியன். குளிரவில்லையா என்று கேட்க நினைத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"ஏஞ்சாமி, அல்லாரும் ஏன் வண்டிய நிறுத்திப்போட்டாங்க?"

"இன்னைக்கு ஞாயித்துக்கெழமைங்கப்பா. இங்க லாரி ஓட்டக்கூடாதுங்க."

"ஆரு சொன்னது?"

"சட்டமுங்க."

அப்பா வரிசையாக நின்ற லாரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். என் வீட்டு வாசலில் அவையெல்லாம் எப்படி வந்தன என்று தெரியவில்லை. "நல்ல சட்டமாத்தான் இருக்குது" என்று சிரித்தார். "லோடு கெட்டுப்போவாதா?"

"காய்கறி, மீனுன்னா விடுவாங்களாமுங்க."

"ஜவ்வரிசி கெடாது" என்றார். என்ஜினை அணைத்தார். அது அணைந்த பிறகும் கொஞ்ச நேரம் உள்ளே டிக் டிக் என்று ஆறிக்கொண்டிருந்தது. சீட்டுக்குப் பின்னால் இருக்கிற பலகையில் துண்டை உதறிப் போட்டார். "அப்ப கொஞ்சம் படுத்துக்கறஞ்சாமி."

நாக்பூர் தாண்டி வண்டியை நிறுத்திய அன்றைக்குச் சாயங்காலம் அவர் போனில் கடைசியாகச் சொன்னதும் இதேதான். சரிங்கப்பா என்று சொல்லி நான் வைத்துவிட்டேன். இன்று படுக்காதீங்க என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் முகத்தில் அவ்வளவு களைப்பு. இத்தனை நாள் நான் ஓட்டிய ஓட்டம்தான் அது. இந்தோர், ஜெய்ப்பூர், கிஷன்கர், அமிர்தசரஸ். ஒரு ஞாயிறுகூடக் கொடுக்காமல் நானும்தான் ஓட்டியிருக்கிறேன்.

"சரிங்கப்பா" என்றேன்.

எழுந்து ஜன்னலைத் திறந்தபோது சாலையில் லாரி இல்லை. இந்தத் தடவை பயமாக இல்லை, அழுகைதான் வந்தது. நன்றாக அழுதேன். அப்புறம் துணி துவைத்தேன்.

டிசம்பர் 9, திங்கள்

"அமிர்தசரஸிலேயே நிற்கிறார்" என்று மட்டும் சொன்னேன். மற்றதைக் கடைசி நாளில் சொல்கிறேன் என்றேன்.

டிசம்பர் 16, திங்கள்

ஃபிராவ் வீகாண்ட் கணினியைத் திறந்து, கம்பி மாட்டி, சுவரில் வெள்ளையாக வெளிச்சம் விழ வைத்திருந்தார். ஹனான் வீட்டிலிருந்து பேரீச்சம்பழக் கேக் செய்து வந்திருந்தாள், என் அப்பாவுக்குக் காட்ட. "எண்ணைச் சொல்" என்றார் ஃபிராவ் வீகாண்ட்.

"எண் வேண்டாம். நானே சொல்கிறேன்."

வரைபடத்தின் பக்கத்தில் போய் நின்றேன். எழுதி வைத்திருந்த காகிதத்தை எடுக்கவில்லை.

என் அப்பா பெயர் காளியண்ணன் என்று தொடங்கினேன். அவர் இருபத்தெட்டு வயதிலிருந்து லாரி ஓட்டினார், ஊர்ப் பெயர்களைச் சொல்லித்தான் என்னைத் தூங்க வைப்பார், நான் புவியியல் படிக்க வந்தது அதனால்தான் என்றேன். போன வாரம் அவர் இங்கே வந்தார் என்றேன். ஓரிருவர் சிரிக்கத் தொடங்கினார்கள். அவருக்கு இந்த நாட்டுச் சட்டம் தெரியாது, ஞாயிறு லாரி ஓடக்கூடாது என்று நான் சொன்னேன், ஜவ்வரிசி கெட்டுப்போகாது, அதனால் அவர் நிறுத்த வேண்டியதாயிற்று என்றேன். சிரிப்பு நின்றது. லெவான் மட்டும் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவர் ஜூலையில் இறந்துவிட்டார். நாக்பூர் தாண்டி, லாரியில், தூக்கத்தில். முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். அவர் எங்கே இருக்கிறார் என்று நீங்கள் கேட்டீர்கள். யாரும் என்னிடம் அப்படிக் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது."

ஜெர்மன் சரியாக வந்ததா தெரியாது. யாரும் திருத்தவில்லை.

ஃபிராவ் வீகாண்ட் கணினியை மெதுவாக மூடினார். சுவரில் இருந்த வெளிச்சம் போனது. ஹனான் எழுந்து கேக்கை அப்படியே வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். கதவு சத்தமாக மூடியது. எனக்கு அது வேண்டியதுதான்.

பிறகு ஃபிராவ் வீகாண்ட் கேட்டார்: "ஜவ்வரிசி?"

"இந்தோர் போய்ச் சேர்ந்தது. வேறொருவர் கொண்டுபோனார்."

அவர் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்தார். "இந்த ஊசிகளை என்ன செய்யலாம்?"

நான் எடுக்கக் கை நீட்டினேன். "இருக்கட்டும்" என்றான் லெவான். "அவர் போன வழிதானே."

நாக்பூருக்குக் கொஞ்சம் மேலே, பெயர் போடாத ஓர் இடத்தில் நானே இன்னொரு ஊசி குத்தினேன்.

நான் வெளியே வந்தபோது ஹனான் வாசலில் நின்றிருந்தாள். கண் சிவந்திருந்தது. "என் அம்மா வாராவாரம் உன் அப்பாவுக்காகத் தொழுகையில் வேண்டிக்கொண்டாள். பத்திரமாகப் போய்ச் சேரட்டும் என்று" என்றாள். கோபமாகத்தான் சொன்னாள். "இப்போது அவளிடம் நான் என்ன சொல்ல?"

"மன்னித்துக்கொள்" என்றேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சேர்ந்துவிட்டார் என்று சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு, கேக் வெட்ட உள்ளே போனாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவுக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். வாராவாரம் அப்பாவை வரவைத்தது, ஊசி, ஒட்டகம், கனவு, எல்லாம். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். நீ மட்டும் அவரை வைத்துக்கொண்டாயா என்று கேட்பாள் என்றும் நினைத்தேன்.

"கண்ணு" என்றாள் கடைசியில். "வழில சோத்துக்கு என்ன பண்ணுனாரு?"

"ஜெய்ப்பூர்ல நம்மூர்க்காரங்க இருந்தாங்கம்மா. சேந்து ஆக்குனாங்க. கேசரிகூட கிண்டுனாங்க."

"அவருக்கு முந்திரி பத்தாது."

"நெறையப் போட்டாங்கம்மா."

"அந்தப் பக்கம் குளிருமே. கம்பிளி எடுத்துட்டுப் போனாரா?"

"எடுத்துட்டுத்தாம்மா போனாரு. அந்தப் பழுப்புக் கம்பிளி."

லாரியிலிருந்து திரும்பி வந்த சாமான்களோடு அந்தக் கம்பளியும் வந்தது. அம்மாதான் அதை மடித்து வைத்தாள்.

"அது பீரோல இருக்குதுன்னு நெனச்சுட்டிருந்தன்" என்றாள். மூக்கை உறிஞ்சினாள். "எடுத்துட்டுப் போனாருன்னா சரி."

பிறகு அமிர்தசரஸ் எந்தப் பக்கம் என்று கேட்டாள். வழியை முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

டிசம்பர் 20

பேச்சுத் தேர்வில் தேறிவிட்டேன். தாளில் ஃபிராவ் வீகாண்ட் எழுதியிருந்தது: வாக்கியங்கள் இன்னும் நீளம்.

டிசம்பர் 22, ஞாயிறு

காலையில் அம்மா கூப்பிட்டாள். குரலில் வெட்கம் மாதிரி ஒன்று.

"நேத்து வந்தாரு கண்ணு."

"என்ன சொன்னாருங்மா?"

"ஒண்ணும் சொல்லல. படுத்துட்டிருந்தாரு. கம்பிளியப் போத்திக்கிட்டு, வாயத் தொறந்துட்டு, நல்லாத் தூங்கறாரு. எந்திரிச்சாப் பேசலாம்னு பக்கத்துலயே உக்காந்திருந்தன். விடிஞ்சுபோச்சு."

"எழுப்பிருக்கலாமுல்லம்மா."

"தூங்கட்டும்னு உட்டுட்டன்."

பகல் முழுக்கச் சாலை சும்மா கிடந்தது. சோறு இன்று பதமாக வந்தது. அடுப்பைக் கொஞ்சம் முன்னாலேயே அணைத்துவிட வேண்டும், மிச்சத்தை அந்தச் சூடே பார்த்துக்கொள்ளும்.

ராத்திரி பத்து மணிக்கு ஜன்னலைத் திறந்து வைத்தேன். பனி வெள்ளையாக நின்றது. முதலில் ஒரு என்ஜின், பிறகு இன்னொன்று, அப்புறம் பள்ளத்தாக்கு முழுக்க. போலந்து, ருமேனியா, லிதுவேனியா, துருக்கி, எல்லாம் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போயின.

ஜவ்வரிசி ஏற்றிய ஒன்று மட்டும் நின்றது. நான் எழுப்பவில்லை.